பிராந்து வாப்பா

நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. "ராத்தா, கமரா அறைக்குப் புதிதாக வந்திருக்கும் எங்களுக்கு உங்கள் அனுபவத்தில் இருந்து நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். சந்தோஷம். நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் என் மகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். இந்தப் பருவத்துக் கழுகுச் சோடிக்குப் பெயர் வைக்கும் போட்டி நடத்துகிறீர்களாம். வெல்பவருக்கு டீசேர்ட் கொடுக்கிறீர்களாம். இனி நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போவேன்?

ஆகவே இதை ஏச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மூடிவைத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போகாமல் முழுதாக வாசியுங்கள்.

கமரா எப்படி வேலை செய்கிறது, எந்தக் கம்பி எதில் போகிறது என்பதெல்லாம் நஸ்மி உங்களுக்குக் காட்டியிருப்பான். நான் சொல்ல வந்தது பார்க்கிற வேலையைப் பற்றி. சும்மா பார்க்கிறதுதானே, அதில் என்ன வேலை என்று என் சொந்த மாமியே கேட்டிருக்கிறா. சும்மா பார்க்கிறது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஒரு கதிரையில் இருந்துகொண்டு, ஒன்றும் செய்யாமல், ஒன்றையும் கற்பனை பண்ணாமல் பார்க்க வேண்டும். நம் ஊரில் பிறந்த ஒருவருக்கு இது லேசில் வருமா?

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் சிலாபத்துப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு மிருக வைத்தியர். சிங்களப் பெண். என்னைவிட வயதில் குறைந்தவர். தமிழை அளந்து அளந்துதான் பேசுவார். பெயர் எழுதினால் ஏசுவார், அதனால் டொக்டர் மிஸ் என்றே விடுகிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பதறியடித்து அவருக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், குஞ்சு பசியில அழுகுது."

"அழுறது கண்டதா?"

"வாயத் துறந்துகொண்டு நிக்குது மிஸ்."

"அங்க வெயில் இருக்கா?"

"சரியான வெயில்."

"அப்ப, குஞ்சு வாய் திறந்து இருக்கு. வெயில் இருக்கு. இது ரெண்டும் நீங்க கண்டது. பசி நீங்க போட்டது."

சூட்டுக்கு வாய் திறந்து மூச்சு வாங்கியிருக்கிறது குஞ்சு. அவ்வளவுதான். அதன் பிறகு அவரிடம் எதைச் சொன்னாலும் "கண்டதா, போட்டதா?" என்றே கேட்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நேரலை பார்க்கும் சனம் அறைக்கு எடுக்கும் போனுக்கு நீங்கள் ஒரு கிழமை பதில் சொல்லிப் பாருங்கள், அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று விளங்கும். குஞ்சு தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கினால் "பிள்ளை மௌத்து" என்று கட்டாரில் இருந்து அழைப்பு வரும். எழுந்து உட்கார்ந்தால் "அல்லாஹ் உயிர் குடுத்துட்டான்" என்று அதே ஆள் மறுபடி எடுப்பார். நடுவில் நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குக் காதிலேயே ஏறியிருக்காது.

சரி, கதைக்கு வருகிறேன். நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம், களப்புத் தண்ணியோரமாக, தென்னந்தோட்டத்துக்குள் நிற்கும் அந்தப் பாவனையில் இல்லாத தொலைபேசிக் கோபுரம் உங்களுக்குத் தெரியும். அதன் உச்சியில்தான் கூடு. நம்முடைய கமரா கூட்டை மட்டும் காட்டும். குச்சிக் குவியல், குஞ்சு, வந்து போகும் தாய் தகப்பன். அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தப் பறவை கடற்கழுகு. நான் எத்தனை தரம் எழுதினாலும் ஊருக்குப் பருந்தும் கழுகும் எல்லாம் பிராந்துதான். போகட்டும். ஒன்று பெரிது, மற்றது சிறிது. நேரலை தொடங்கிய அன்றே நஸ்மி பெரியதுக்கு வாப்பா என்றும் சிறியதுக்கு உம்மா என்றும் திரையில் எழுதிவிட்டான். அவன் கெட்டிக்காரன், நம்முடைய இணையப் பக்கத்தை அவன்தான் நடத்தினான். ஆனால் கெட்டிக்காரர்களிடம் ஒன்றைச் சொல்லி ஏற்கவைப்பதைவிட ஆட்டுக்கு நீச்சல் பழக்கலாம்.

"நஸ்மி, இந்தச் சாதியில பெரிசுதான் பொம்புள. மாத்து."

"எண்டாலும் ராத்தா, பெரிசு வாப்பா எண்டாத்தானே பாக்கிற சனத்துக்கு வெளங்கும்."

ஒரு கிழமை கழித்து மறுபடி சொன்னேன். "இப்ப மாத்தினா சனம் கொழம்பிரும் ராத்தா" என்றான். பிழையாக எழுதும்போது குழம்பாத சனம், திருத்தினால் குழம்புமாம்.

குஞ்சு பொரித்தது. இந்தப் பறவைகளின் வழக்கம் என்னவென்றால், ஆரம்பத்தில் தாய் கூட்டோடு இருந்து குஞ்சுக்குக் கிழித்து ஊட்டும், தகப்பன் அதிகமாகக் கடலுக்குப் போய் மீன் கொண்டுவரும். பெயரை மாற்றி எழுதியதால் ஊர் கண்ட காட்சி வேறு. பிராந்து வாப்பா வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கிறார், பிராந்து உம்மா வெளியே போய் உழைக்கிறா! பக்கம் முழுக்கப் பெண்களின் பாராட்டு. "இதுதான் வாப்பா, இவர்ட காலைக் கழுவின தண்ணிய எங்கட வீட்டாளுக்குக் குடிக்கக் குடுக்க வேணும்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சந்தையில் எனக்கு வழமையாக மீன் தருகிறவர் ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டே என்னிடம் முறையிட்டார்.

"ராத்தா, உங்கட பிராந்தால எனக்கு வீட்ட நிம்மதி இல்ல. பிராந்து வாப்பாவே பிள்ளைக்கு ஊட்டுது, நீங்க திண்ட கோப்பையையாவது கழுவுங்க எண்டு செல்றா."

"நல்லது. கழுவுங்க" என்றேன். சாட்சி பொய்யாக இருந்தாலும் தீர்ப்பு சரி.

இப்படிச் சிரிப்பும் எரிச்சலுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் சிறிய பறவை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குஞ்சுக்கு அப்போது இறகு அரைவாசிதான் முளைத்திருந்தது. பெரிய பறவை கூட்டின் விளிம்பில் நின்றபடி கூவியது.

நஸ்மி பக்கத்தில் "உம்மாவைக் காணவில்லை" என்று போட்டான். என்னைக் கேட்காமல் போட்டான். அதற்குப் பிறகு நடந்ததை ஒப்பாரி என்றுதான் சொல்ல வேண்டும். தாயில்லாப் பிள்ளை, தாயில்லாப் பிள்ளை என்று உலகத்தின் எந்த மூலையில் இருந்தெல்லாமோ எழுதினார்கள். தாய் போனால் தகப்பன் இன்னொன்றைத் தேடிக்கொண்டு போய்விடும் என்று மனிதர்களின் வழக்கைப் பறவை மேல் ஏற்றினார்கள். பின்னேரம் நம்முடைய தலைவர், அதுதான் கமரா வாங்கித் தந்த ஹாஜியார், அறைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். இளகிய மனது. இளகிய மனதுக்காரர்களால் எனக்கு வந்த வினை கல்மனதுக்காரர்களால் வந்ததில்லை.

"குஞ்ச இறக்குவோம் ராத்தா. நான் வண்ணாத்திவில்லுல இருந்து ஏறுற ஆக்கள் ரெண்டு பேரக் கூப்பிட்டிருக்கன்."

குஞ்சு பறக்கத் தெரியாதது, ஆனால் நடக்கத் தெரிந்தது. ஆள் ஏறினால் பயத்தில் பின்னுக்குப் பின்னுக்குப் போய் விழும், கீழே கொங்கிரீட் தளமும் கம்பி வேலியும்தான் என்று சொன்னேன். தப்பித்தவறி இறக்கினாலும், அதற்குக் கடலில் மீன் பிடிக்க யார் பழக்குவது, நீங்களா என்றும் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அனுமதி தர வேண்டிய அதிகாரியையே கேட்போம் என்றார். கேட்டோம். அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மிஞ்சி இருக்கிறது தாயா, தகப்பனா?"

"தாய்" என்றேன்.

"என்ன கதை இது? உங்கட பக்கத்தில வாப்பா எண்டு மாசக் கணக்கா போட்டிருக்கீங்க. நானே வீட்ட பிள்ளைகளோட பாக்கிறன். எதை நான் நம்புறது?"

நான் நஸ்மியைப் பார்த்தேன். நஸ்மி சுவரைப் பார்த்தான். கடைசியில் அதிகாரி, பக்கத்தில் திருத்திப் போடுங்கள், கிழித்து ஊட்டத் தாய் இருக்கிறது என்றால் நாளைப் பின்னேரம் வரை பார்ப்போம், அதற்குள் குஞ்சு ஒன்றும் தின்னாவிட்டால் இறக்குங்கள் என்றார். நஸ்மி என் கண்முன்னால் திருத்தினான். பெரியதுதான் உம்மா, காணாமல் போனது வாப்பா. ஒரு வழியாகச் சரியான பெயர் வந்துவிட்டது, இனிச் சனத்துக்கு உண்மை விளங்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

காலையில் வந்து பக்கத்தைப் பார்த்தேன். பெரிய பறவை இன்னும் கூட்டை விட்டு அசையவில்லை. அதற்குக் காரணத்தையும் சனமே கண்டுபிடித்து வைத்திருந்தது.

"புருசன் மௌத்து. பாவம், இத்தா இருக்கிறா."

இத்தா என்றால் நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது. பிராந்துக்கு இத்தா! ஒருவர் எழுதினார், நூறு பேர் ஆமீன் போட்டார்கள். நான் கேட்கிறேன், கிறிஸ்தவர்களின் தென்னந்தோட்டத்தில், கம்பெனிக்காரனின் கோபுரத்தில் கூடு கட்டிய ஒரு பறவைக்கு இதை யார் ஓதிக் கொடுத்தது? பிழையான பெயர் போட்டபோது வந்த தலையிடியைவிடச் சரியான பெயர் போட்ட பிறகு வந்த தலையிடி பெரிது.

குஞ்சு படுத்தே கிடந்தது. டொக்டர் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். தாய் துக்கத்தில் என்று நான் வாயெடுக்கவுமே நிறுத்தினார்.

"துக்கம் விடுங்க. குஞ்சுக்குத் தொண்டைக்குக் கீழ பை இருக்கு. நிறைஞ்சதா, சப்பையா?"

"சப்பை."

"பெரிய பறவை எங்க பாக்குது?"

நான் திரையைப் பார்த்தேன். "கீழ. இங்கயும் அங்கயும் திரும்பித் திரும்பி, கீழதான் பாக்குது மிஸ்."

"கீழ என்ன இருக்கு?"

"தெரியா. கமராவில கூடு மட்டுந்தான்."

"அப்ப அறையில என்ன செய்றீங்க? போய்ப் பாருங்க."

நானும் நஸ்மியும் ஓட்டோ பிடித்து ஓடினோம். கோபுரத்தடியில் இறங்கியபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத இந்தத் தாள் காணாது. பெருநாள் திடல் தோற்றது. வேன்கள், மோட்டார் சைக்கிள்கள், தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும் வாப்பாமார், கச்சான் கடலை விற்கிறவர், பாட்டுப் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டி. இதற்கு மேல், பறவைக்குப் பசிக்குமே என்று இரக்கப்பட்டவர்கள் கோபுரத்தின் அடியில் மீனைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அதைத் தின்ன வந்த காகங்கள் கம்பி கம்பியாக ஏறி உட்கார்ந்திருந்தன. நடுவில் ஹாஜியார் ஒரு பிளாஸ்டிக் கதிரையில். பக்கத்தில் கோழிக்கூட்டோடு ஏறுகிற ஆட்கள் இரண்டு பேர், பின்னேரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

இவ்வளவு பேரையும் இத்தனை காகத்தையும் கீழே வைத்துக்கொண்டு எந்தத் தாய் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போவாள்? குஞ்சைப் பட்டினி போட்டது, குஞ்சுக்காக அழ வந்த கூட்டம். நம்முடைய கமராவில் கூடு முழுதும் தெரிந்தது, நாம் மட்டும் தெரியவில்லை.

"எல்லாரும் போங்க, உங்களாலதான் அது வெளிக்கிடாம ஈக்குது" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. நாலு பேர் எனக்குப் பறவைகளைப் பற்றி விளக்கமும் தந்தார்கள். ஹாஜியார் எழுந்து வந்தார்.

"கோபப்படாதீங்க ராத்தா. பாருங்க, இத்தாவில குந்திக்கொண்டு ஈக்குது, பாவம். பிள்ளையையாவது நாங்க காப்பாத்துவோம்."

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. உண்மையைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தேன்.

"ஹாஜியார், அது இத்தா எண்டு நீங்கதானே செல்றீங்க?"

"ஓம்."

"நல்லாத் தெரியுமா?"

"எல்லாரும் அப்பிடித்தானே செல்றாங்க."

"அப்ப இத்தா இருக்கிற வீட்டு வாசல்ல இத்தின அந்நிய ஆம்புளையளுக்கு என்ன வேல?"

இதைச் சொன்னபோது என் குரல் களப்பின் அக்கரைக்கும் கேட்டிருக்கும். ஐஸ்கிரீம் பாட்டு நின்றது. யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிற்கவில்லை.

"என்ட புருசன் மௌத்தாகி நான் இத்தா இருக்கக்குள்ள இப்பிடித்தான் வாசல் நெறைய சனம் நிண்டீங்க. எல்லாருக்கும் எரக்கம். பால்மா முடிஞ்சி என்ட மக உள்ளுக்குக் கத்துறா. இத்தின ஆம்புளையள் நிக்கிற வாசலால வந்து, கடைக்குப் போய் ஒரு பெக்கட் வாங்கித் தாங்க எண்டு கேக்க எனக்கு வெக்கம். எப்ப போவீங்க, எப்ப போவீங்க எண்டு கதவுக்குப் பின்னால நிண்டன். அதுவும் அதத்தான் பாத்துக்கொண்டு ஈக்குது. போங்க!"

முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கோபத்தில்தான் என்று அப்போது நினைத்தேன்.

முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியது. ஆண்கள் மேலே பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி ஒவ்வொருவராகப் போனார்கள். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏற வந்த ஆட்களிடம் கோழிக்கூட்டை வேனில் ஏற்றச் சொன்னார். கச்சான்காரர் தான் கிறிஸ்தவர், தனக்கும் இது பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும் என்றேன். ஒரு பெண் மட்டும் என் கையைப் பிடித்து, "நாங்க பொம்புளையள் நிக்கலாந்தானே?" என்றா. இத்தா வீட்டுக்குப் போனால் ஒரு சலாம் சொல்லிவிட்டு வெளிக்கிட வேண்டும், கச்சான் தின்றுகொண்டு நிற்கிறதில்லை என்றேன். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்து மெய்யாகவே சலாம் சொல்லிவிட்டுப் போனா. கொட்டிக்கிடந்த மீனையெல்லாம் நஸ்மியைக் கொண்டு சாக்கில் அள்ளுவித்து ஓட்டோவிலேயே ஏற்றினேன். ஓட்டோக்காரர் அதன் பிறகு என்னோடு கதைப்பதில்லை.

அறைக்கு வந்து பார்த்தபோது பெரிய பறவை இன்னும் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலையை உயர்த்தியது. பிறகு போய்விட்டது.

கூட்டில் குஞ்சு மட்டும். உடனே பக்கத்தில் தொடங்கினார்கள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இவள் ஒரு தாயா? ஒரு பெரிய மனிதர், இத்தாவை முறித்துவிட்டாள் என்று கண்டனமே எழுதினார். காகம் ஒன்று வந்து விளிம்பில் குந்தியது. குஞ்சு எழும்ப முடியாமல் எழும்பி, அரைகுறைச் சிறகை விரித்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றது.

"ராத்தா, நான் ஓடிப்போய் ஒரு வெடி கொளுத்தவா?"

"குந்து."

"காகம் கொத்திப் போட்டுடும் ராத்தா."

"குந்து எண்டு சென்னன்."

அவன் குந்தினான். எனக்கு ஏச வேறு ஆள் இல்லாததால் அவனையே ஏசிக்கொண்டிருந்தேன். தாய் வராது போனால் என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியாது. கூட்டத்தை விரட்டியது நான்தான். குஞ்சு செத்தால் ஊர் முழுவதும் அதை என் கணக்கில்தான் எழுதும். இரண்டாவது காகமும் வந்தது. அந்த நேரத்தில்தான் திரை முழுதும் ஒரு சிறகு மறைத்தது. காகங்கள் இல்லை. பெரிய பறவை நின்றது. காலுக்கடியில் ஒரு திரளி மீன், இன்னும் துடித்துக்கொண்டு.

அதிகாரி போன் எடுத்தார். தாய்தான் என்று நிச்சயமா என்று மறுபடி தொடங்கினார்.

"பெரிய பறவை மீன் கொண்டுவந்தது. குஞ்சு தின்றது. தொண்டைக்குக் கீழே பை நிறைந்திருக்கிறது" என்றேன். சரி, விடுங்கள் என்று வைத்துவிட்டார். டொக்டர் மிஸ்ஸுக்கும் அதையே சொன்னேன். "இப்ப சரி" என்றார். நான் அழுதேன். கண்டதைச் சொல்ல வேண்டும் அல்லவா, நஸ்மி கண்டான்.

சிறிய பறவைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தெரியாது. வலையா, கம்பியா, வேறெதுவுமா, யாரும் காணவில்லை. வரவில்லை என்பதுதான் நாம் கண்டது. குஞ்சு அந்தத் தாயின் மீனிலேயே வளர்ந்து, காற்றுக் காலம் தொடங்கும் முன் பறந்தது. பறந்ததையும் காணவில்லை, ஏனென்றால் அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. வந்து பார்த்தால் கூடு காலி. நஸ்மி மேசையில் தலையை முட்டிக்கொண்டான். நான் முட்டிக்கொள்ளாதது என் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான்.

இதைத்தான் சொல்ல வந்தேன், பெயர் வைக்காதீர்கள் என்று. ஆனால் போட்டியை அறிவித்துவிட்டீர்கள், டீசேர்ட்டும் அடித்திருப்பீர்கள். போன கிழமை நேரலையை மறுபடி தொடங்கினீர்கள் அல்லவா, மகள் போட்டுக் காட்டினாள். அதே கூடு. பெரிய பறவை நிற்கிறது. ஒரு சிறிய பறவை, புதிது, மீனோடு வந்து தயங்கித் தயங்கி விளிம்பில் இறங்கியது. பெரியது கொஞ்சம் பார்த்தது. பிறகு மீனை எடுத்துக்கொண்டது. கீழே முதல் ஆளாக ஒருவர் எழுதியிருந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! உம்மா உயிரோட திரும்பி வந்துட்டா!"

அதற்குக் கீழே வரிசையாக இருதயப் படங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, டொக்டர் மிஸ்ஸை நினைத்துக்கொண்டு, கண்டதை மட்டும் எழுதினேன்: "சிறிய பறவை மீன் கொண்டுவந்தது. பெரிய பறவை எடுத்துக்கொண்டது." நிமிடம் ஆகவில்லை, பதில் வந்தது.

"அப்ப இத்தா முடிஞ்சி நிக்காஹ்வும் முடிஞ்சிட்டா ராத்தா? வலீமா விருந்துச் சோறு எப்ப?"

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் ஓய்வு பெற்றவள். அவருக்குப் பதிலை நீங்கள் எழுதுங்கள்.